மாற்றுப் பொறிகளும் துணைக்கருவிகளும்

சீனன்குடாவிற் காட்டினூடே நிரைநிரையாக நிற்கும் எண்ணெய்க் குதங்களை அறியாதார் திருகோணமலையில் இலர். இரண்டாம் உலகப்போருக்கு முன்னர்ப் பிரித்தானியக் கடற்படையின் தேவைக்கென அமைக்கப்பட்ட அவற்றுள் எஞ்சியவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்கது. 2003ஆம் ஆண்டில் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் இங்குக் காலூன்றிய பின்னரும், நெடுங்காலம் பயன்பட்டவை கீழ்த்தொகுதியைச் சேர்ந்த ஒரு சிலவேயாம். மேற்றொகுதிக் குதங்களைக் காடு சூழ்ந்துகொண்டது. 2022 ஜனவரியிற் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி 14 குதங்கள் அந்நிறுவனத்திடமும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடமும் வந்தன. அக்குதங்களின் வரலாற்றைக் கூறுதல் எமது நோக்கமன்று. ஒரு சிறு உண்மையை மட்டும் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்வோம். எண்ணெய்க் குதமென்பது இரும்புச் சுவர் மட்டுமன்று. குழாயும் பம்பியும் அடைப்பிதழும் அளவுகருவியும் தீத்தடுப்பும் சேர்ந்தவிடத்தே அது குதமாகும். அவை இல்லாவிடத்து அது வெறும் இரும்பு உருளை.

கணினியுலகில் அண்மைக்காலத்தே தோன்றிய மாற்று மெய்நிகர்ப் பொறிகளின் நிலையும் இத்தகையதே. அவற்றின் வேகத்தையும் நுட்பத்தையும் புகழ்ந்து எழுதுவோர் பலர். அப்பொறிகளின்மீது நிரல் எழுத முற்படுவோன் கைக்கு என்னென்ன கருவிகள் கிட்டும் என்பதை ஆராய்வோர் சிலரே. எமது பழைய மாணவர் பலர் மென்பொருட்டுறையிற் புகுந்துள்ளனர். இன்று கற்போரிற் பலரும் அத்துறையை நாடுகின்றனர். ஆதலின் இப்பொருளை ஒருவாறு விளக்க முயல்வோம். தொடக்கத்திலேயே ஒன்று கூறிவிடுதல் நன்று. மெய்நிகர் நாணயங்களை வாங்குமாறு எவரையும் தூண்டுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. அவற்றின் ஆபத்துக்களைப்பற்றி இலங்கை மத்திய வங்கி பொதுமக்களைப் பலமுறை எச்சரித்துள்ளது. ஈண்டு ஆராயப்படுவது பொறியியல் மட்டுமே.

பிளாக்செயின் எனப்படும் தொடரேட்டை, ஆயிரக்கணக்கான கணினிகள் தத்தமக்கென ஒவ்வொரு படி வைத்திருக்கும் பொதுக் கணக்கேடு எனலாம். ஒரு பதிவை எழுதிய பின் அதனை அழித்தல் இயலாது. அவ்வேட்டினுள்ளே பணத்தை மட்டுமன்றிப் பணத்தை ஆளும் விதிகளையும் நிரலாக எழுதிவைக்கலாம் என்பது எத்தேரியத்தின் புதுமை. அத்தகைய விதிகளை ஒப்பந்த நிரல் என்போம். அந்நிரலை ஆயிரங் கணினிகள் ஆயிரம் வகையாக இயக்கி ஆயிரம் விடை கண்டாற் கணக்கேடு சிதறிப்போம். ஆகவே, எல்லாக் கணினிகளும் ஒரேவிதமாகப் பின்பற்றும் கற்பனைக் கணினி ஒன்று வேண்டப்பட்டது. அதுவே மெய்நிகர்ப் பொறி. எத்தேரியத்தின் பொறியைக் கவின் வூட் என்பார் 2014ஆம் ஆண்டில் கணித நடையில் வரையறுத்தார். 2015 ஜூலை 30ஆம் நாள் அது இயங்கத் தொடங்கிற்று.

அப்பொறி குறையற்றதன்று. சாதாரணக் கணினி 64 இருமங்கொண்ட எண்களைக் கையாள, இது 256 இருமங்கொண்ட எண்களைக் கையாள்கிறது. தன் வேலையை ஓர் அடுக்கின்மீது வைத்துச் செய்கிறது. 1,024 இடங்களையுடைய அவ்வடுக்கில் மேலேயுள்ள பதினாறை மட்டுமே நேரே எடுத்தாள வல்லது. ஒரு செயற்கூற்றில் மாறிகளைச் சற்று அதிகமாக வைத்த நிரலாளனை, அடுக்கு ஆழமாகிவிட்டது என்னும் பிழைச் செய்தி வந்து மறிக்கும். இத்துறையில் உள்ளோருள் அச்செய்தியைக் காணாதார் அரியர். எனினும் உலகம் அப்பொறியைவிட்டு எளிதில் நீங்கவில்லை. ஏன்? பத்தாண்டுகளாக அதனைச் சுற்றி வளர்ந்த கருவிகளே காரணம். உலாவியிலேயே எழுதி ஓட்டிப்பார்க்க ரீமிக்ஸ், சோதனை நிகழ்த்த ஹார்ட்ஹற், பின்னர் 2021இல் வந்த பௌண்ட்ரி, ஓட்டாமலே குறை காட்டும் சிலிதர், ஆராய்ந்து செப்பஞ்செய்யப்பட்ட ஓப்பன்செப்பெலின் நிரற்றொகுப்பு, ஏட்டில் ஏறிய பொறிநிரலுக்கு நேரான மூலநிரலை எவரும் படிக்க வைக்கும் ஈத்தர்ஸ்கான் எனப் பல. அவையும் நிலையானவையல்ல என்பதையும் மறத்தலாகாது: ஒருகாலத்திற் கருவிகளுள் முதன்மை பெற்றிருந்த டிரபிளின் பராமரிப்பு 2023இல் நிறுத்தப்பட்டது. பெருங்கூட்டமுள்ள பொறியிலேயே இவ்வாறெனின், சிறுகூட்டமுள்ள பொறியில் ஒரு கருவி கைவிடப்பட்டால் நிலைமை எவ்வாறாகும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

இந்தியர் சிலர் 2017இற் றொடங்கிப் பின்னர்ப் பொலிகன் எனப் பெயர் மாற்றிய மற்றிக் வலையமைப்பு தன் தொடரேட்டிற்கு எத்தேரியப் பொறியையே கொண்டது. புதுப்பொறி ஆக்கும் ஆற்றல் அவர்க்கு இல்லாமையன்று. பழைய கருவி, பழைய பணப்பை, பழைய நிரல் யாவும் மாற்றமின்றி ஓடுமெனின் வருவோர் தொகை பெருகும் என்னும் கணக்கே அது.

இனி, மாற்றுப் பொறிகளைப் பார்ப்போம். அவை வீம்புக்குப் பிறந்தவையல்ல. ஒவ்வொன்றும் உண்மையான ஒரு குறையைத் தீர்க்கவே எழுந்தது. 2020 மார்ச்சில் இயங்கத் தொடங்கிய சொலானா, ஒவ்வொரு கொடுக்கல்வாங்கலும் எவ்வெக் கணக்குகளைத் தொடும் என்பதை முற்கூட்டியே கூறவேண்டுமென விதித்தது. அதனால் ஒன்றையொன்று தொடாதவற்றை ஒரே வேளையில் இயக்க முடிந்தது. பேஸ்புக் நிறுவனத்தின் லிப்ரா முயற்சிக்கென 2019இல் வெளியான மூவ் மொழி, பணத்தைப் படியெடுக்கவோ தவறவிடவோ முடியாத பொருளாக மொழியின் இலக்கணத்திலேயே வகுத்தது. ஸ்ராக்நெற்றின் கெய்ரோப் பொறி, செய்த கணக்கைத் திரும்பச் செய்யாமலே அது சரியென மெய்ப்பிக்க இடந்தருகிறது.

கெய்ரோவைப்பற்றி ஒரு சொல். மெய்ப்பித்தலின் பொருட்டு அப்பொறி ஒரு பெரிய பகா எண்ணின் மட்டில் கணக்கிடுகிறது. அத்தகைய கணக்கில் வகுத்தல் நாம் பள்ளியிற் கற்ற வகுத்தலன்று. எடுத்துக்காட்டாகப் பகா எண்ணை 7 எனக் கொள்வோம். அப்போது 3ஐ 2ஆல் வகுக்க வரும் விடை 5. ஏனெனில் 5ஐ 2ஆற் பெருக்க 10, அதனை 7ஆல் வகுக்க மிச்சம் 3. உயர்தர வகுப்புக் கணித மாணவனுக்கு இது இனிய விளையாட்டு. பணத்தைப் பங்கிடும் நிரலை எழுதுவோனுக்கோ இது படுகுழி. கெய்ரோவின் முதற்பதிப்பில் வகுத்தற்குறி இவ்வாறே இயங்கிற்று. ஒரு சோதனைக் கருவி இருந்து, 'இங்கு நீ எதிர்பார்த்த விடை வேறு' எனக் காட்டினாலன்றி எழுதியவன் அறியான். 2023இல் வெளிவந்த புதிய கெய்ரோ, ரஸ்ற் மொழியின் சாயலையும் நிரலாளர் பழகிய முழுவெண் வகைகளையும் கொண்டமைந்தது. ஆயின் மொழி அடியோடு மாறியதால் முன்னைய மொழிக்கென எழுந்த கருவிகளும் நிரல்களும் பழமையாயின. மாற்றுப் பொறிகளின் கருவிக் குறைக்கு இதுவும் ஒரு காரணமாகும்: பொறி இளமையாயிருக்குங்காலை மொழி நிலைபெறுவதில்லை, மொழி நிலைபெறாவிடத்துக் கருவி செய்வோன் மணலிற் சுவர் எழுப்புகிறான்.

கருவி இல்லாமையால் நேருந் துன்பம் யாது என வினவலாம். சாதாரண மென்பொருளிற் பிழை நேர்ந்தால் நாளை திருத்திக்கொள்ளலாம். ஒப்பந்த நிரலிலோ பிழை வெளிப்படும் நாளே பணம் போகும் நாளாகும். 2016 ஜூனில் எத்தேரியத்தின் டாவோ ஒப்பந்தத்திலிருந்து 36 இலட்சம் ஈதர் வெளியேற்றப்பட்டது. அப்பொறியின் கருவிப் பெருக்கத்திற்கு அவ்விழப்பும் உரமாயிற்று எனலாம். மாற்றுப் பொறிகளும் அத்தகைய உரத்தைத் தாமே இட்டுக்கொள்கின்றன என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைக் காட்டுவேன்.

முதலாவது, சொலானாவுக்கும் எத்தேரியத்துக்கும் இடையே பாலமாயிருந்த வோம்ஹோலில் 2022 பெப்ரவரி 2ஆம் நாள் நடந்தது. எத்தேரியத்திற் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டின் பொறியினுள்ளேயே அதற்கோர் ஏற்பாடு உண்டு. நிரல் கேட்கும், விடை வரும். சொலானாவிலோ சரிபார்ப்பு வேறொரு நிரலாற் செய்யப்படும். நமது நிரல், 'சற்றுமுன் அச்சரிபார்ப்பு நடந்ததா' என ஒரு சிறப்புக் கணக்கைப் பார்த்து அறியவேண்டும். அச்சிறப்புக் கணக்கையும் நிரலை அழைப்பவனே கொண்டுவந்து தருகிறான். கொண்டுவந்தது மெய்யான கணக்குத்தானா என்பதைப் பாராத பழைய செயற்கூறு ஒன்றை வோம்ஹோல் கையாண்டது. அக்கூறு வழக்கொழிக்கப்பட்டதென முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. பார்க்கும் புதுக்கூறும் வந்திருந்தது. போலிக் கணக்கைத் தந்து 120,000 ஈதருக்குரிய சீட்டுக்களை ஒருவர் உண்டாக்கிக்கொண்டார். அதன் அந்நாளைய மதிப்பு முப்பது கோடி அமெரிக்க டொலரினும் மிகும். வழக்கொழிந்த கூற்றைப் பயன்படுத்தினால் தொகுப்பி எச்சரிக்கும். ஆனால் அவ்வெச்சரிக்கை, மற்ற நூறு எச்சரிக்கைகளோடு ஒன்றாய் வந்து போம். 'இது நடைக்குறையன்று, கதவு திறந்து கிடக்கிறது' எனப் பிரித்துச் சொல்வதற்கு, அப்பொறியின் இயல்பை அறிந்த ஆய்வுக்கருவி வேண்டும்.

இரண்டாவது நிகழ்ச்சி சிறிதாயினும் படிப்பினை மிக்கது. 2023 மார்ச்சில் வெளிவந்த சீகேசிங் இரா, எத்தேரியத்தின் சொலிடிற்றி மொழியை ஏற்றுக்கொண்டது. ஆயின் உள்ளிருக்கும் பொறி வேறு. தனித் தொகுப்பியொன்று அம்மொழியைத் தன் பொறிக்கேற்ப மாற்றிக்கொடுத்தது. அடுத்த மாதமே ஒரு குழுவினர் விற்பனை ஒப்பந்தமொன்றை அங்கு ஏற்றி 921 ஈதர் திரட்டினர். பணத்தை வெளியே எடுக்க முயன்றபோது அது வரவில்லை. சொலிடிற்றியிற் பணம் அனுப்பும் பழைய கட்டளை ஒன்று, 2,300 அலகு எரிபொருளை மட்டுமே உடன் அனுப்பும். எத்தேரியத்தில் அது போதும். புதுப்பொறியிற் செயல்களின் விலைவாசி வேறாதலின் அது போதவில்லை. நிரலின் ஓரெழுத்தும் பிழையன்று. எத்தேரியக் கருவிகளிற் சோதித்தால் யாவும் தேர்ச்சி பெறும். சோதித்த பொறியும் ஓடிய பொறியும் வேறாயிருந்தமையே கேடு. பின்னர் அவ்வலையமைப்பை ஆக்கியோர் ஒரு வழி கண்டு பணத்தை விடுவித்தனர். ஒத்தியங்கும் என்னும் விளம்பரச் சொல்லை நிரலாளன் எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. முற்றிலும் வேறான பொறி நம்மை விழிப்பாயிருக்கச் செய்யும். ஏறத்தாழ ஒத்த பொறி உறங்கச் செய்யும்.

மூன்றாவது 2025 மே 22ஆம் நாள் நிகழ்ந்தது. மூவ் மொழியில் இயங்கும் சூயித் தொடரேட்டின் சீற்றஸ் என்னும் நாணய மாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 22 கோடி 30 இலட்சம் டொலர் பறிபோயிற்று. மூவ் மொழியிற் கூட்டலோ பெருக்கலோ எண்ணின் வரம்பை மீறினால் நிரல் உடனே நின்றுவிடும். அது அம்மொழியின் பெருமைகளுள் ஒன்று. ஆனால் எண்ணின் இருமங்களை இடப்புறம் நகர்த்துங்கால் மேலே வழியும் இருமங்கள் ஓசையின்றி உதிர்ந்துபோம். அதனைத் தடுக்க எழுதப்பட்ட சரிபார்ப்பில் எல்லையெண் தவறாக வைக்கப்பட்டிருந்தது. தாக்கியவர் ஒரேயொரு நாணய அலகைக் கொடுத்து மாபெரும் பங்கைத் தமதாக்கினார். பறிபோனதில் ஏறத்தாழ 16 கோடி 20 இலட்சம் டொலரைச் சூயியின் சரிபார்ப்போர் ஒன்றுகூடி முடக்கிவைத்தனர். அழிக்கவியலாத ஏட்டில் அவ்வாறு தலையிடல் தகுமா என்பது வேறு வழக்கு. அந்நிரல் கணக்காய்வுகளுக்கு உட்பட்டிருந்தது என்பதே எமக்கு முக்கியம். மூவ் மொழிக்குக் கணித முறையில் மெய்ப்பிக்கும் கருவியும் உண்டு. ஆனால் எதை மெய்ப்பிக்கவேண்டும் என எழுதிக்கொடுப்பவன் மனிதனே. பாதுகாப்பான மொழி என்னும் புகழ் கருவியின் வேலையைச் செய்யாது.

இக்குறைகள் நீங்காதிருப்பதற்கு ஆழமான காரணம் ஒன்றுண்டு. கருவியை ஆக்குவோர் அப்பொறியைப் பயன்படுத்துவோரே. பயன்படுத்துவோரோ கருவி உள்ள இடத்துக்கே வருவர். இவ்வட்டத்தை உடைக்கப் பணமுடைய அறக்கட்டளைகள் உதவித்தொகை வழங்குகின்றன. அதனால் முதற்பதிப்புக்கள் பல வெளிவருகின்றன. மூன்றாம் ஆண்டிலும் அவற்றைப் பேணுவோர் சிலரே. பொறிகள் கிளைவிடுதலும் கேட்டைப் பெருக்குகிறது. மூவ் மொழியே அப்ரோஸ் என்றும் சூயி என்றும் இரு வழக்காய்ப் பிரிந்து, சேமிப்பு முறையில் வேறுபட்டது. ஒன்றுக்கெழுதிய ஆய்வுக்கருவி மற்றதற்கு அப்படியே ஆகாது. பாமினி எழுத்துருவில் அடித்த ஆவணத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து ஆங்கில எழுத்துக் குவியலைக் கண்டு திகைத்த ஆசிரியர்களுக்கு இந்நிலை புதிதன்று.

நம் நாட்டிலேயே இதற்கோர் இணை உண்டு. அது தொடரேட்டுத் துறையைச் சார்ந்ததன்று. கொழும்பை மையமாகக் கொண்டு வளர்ந்த டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தார் ஆக்கிய பலரீனா மொழி முதலிற் றனக்கென அமைந்த சொந்தப் பொறியில் ஓடிற்று. 2019 செப்ரெம்பரில் வெளிவந்த முதலாம் பதிப்பில் அப்பொறி கைவிடப்பட்டு, மொழி ஜாவாப் பொறியின் நிரலாக மாற்றப்படலாயிற்று. இருபதாண்டுக்கு மேலாக ஜாவாவுக்கென முதிர்ந்த வழுநீக்கிகள், அளவிடுகருவிகள், நிரற்றொகுப்புக்கள் யாவும் அதனால் அண்மையில் வந்து சேர்ந்தன. சொந்தப் பொறியை விட்டுக்கொடுத்தலைத் தோல்வி என்பார் உளராயின் அவரோடு யாம் உடன்படோம்.

தொடரேட்டுப் பொறிகளுள்ளும் முதிர்ந்த கருவிகளை இரவல் பெறும் போக்கு வளர்ந்துவருகிறது. சொலானாவின் பொறி லினக்ஸ் கருவறையில் வாழும் ஈபிபிஎவ் என்பதன் வழித்தோன்றல். அதன் வேரோ 1992இல் வலையமைப்புப் பொதிகளை வடிகட்ட எழுந்த ஆய்வில் உள்ளது. வேறு சில தொடரேடுகள் உலாவிகளுக்கென ஆக்கப்பட்ட வெப்அசெம்பிளியைத் தழுவின. எத்தேரியத்தை ஆக்கியோருள் முதல்வரான விற்றாலிக் பியூற்றரின் 2025 ஏப்ரலில், ஒப்பந்த நிரல்களுக்கு நாளடைவில் ரிஸ்க்-வீ என்னும் கட்டளைத்தொகுதியையே பொறிமொழியாகக் கொள்ளலாம் என முன்மொழிந்தார். எவர்க்கும் உரிமைத்தொகையின்றித் திறந்துள்ள அக்கட்டளைத்தொகுதியின்மீதே சென்னை ஐ.ஐ.டி.யினர் தம் 'சக்தி' செயலியை வடிவமைத்தனர். 2018இல் சண்டிகார் ஆலையில் அதன் ஒரு சில்லு வார்க்கப்பட்டது. சக்திக்கு உதவும் அதே தொகுப்பியும் அதே வழுநீக்கியும் தொடரேட்டுக்கும் உதவுமெனின் அது பெரும்பேறே.

ஆயினும் இரவற்கருவி பாதிவழியே வரும். பொதுவான வழுநீக்கிக்குச் செயலியின் பதிவகங்கள் தெரியும். கட்டணம் எங்கே தீர்ந்தது, எந்தக் கணக்கை எவன் கொண்டுவந்தான், எந்தக் கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை என்பன தெரியா. மேற்காட்டிய மூன்று கேடுகளுள் முதலிரண்டும் அந்த எஞ்சிய பாதிவழியிலேயே நிகழ்ந்தவை. மேலும், இரவல் பெற்றதைத் தம் பொறிக்கேற்ப வெட்டித் தைத்தவுடன் அது மூலத்தினின்று விலகிவிடுகிறது. சொலானாவினர் ரஸ்ற் தொகுப்பியின் தனிக்கிளை ஒன்றைத் தாமே பேணவேண்டியதாயிற்று. ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் 4,096 பைற்று அடுக்கிடம் என்னும் அவர்தம் வரம்பைப் பொதுவுலகின் ரஸ்ற் நிரற்றொகுப்புக்கள் அறியா. சாதாரணக் கணினியில் நன்றாய் ஓடிய தொகுப்பு அங்கே அவ்வரம்பில் இடறும்.

இத்துறையிற் புக விரும்பும் மாணவன் எங்குத் தொடங்குவது? எத்தேரியப் பொறியிலே தொடங்குக என்பதே எமது கருத்து. கருவிகள் நிறைந்தவிடத்துப் பழகினாற்றான் இல்லாதவிடத்து எது இல்லையென உணரமுடியும். அதன்பின் மாற்றுப் பொறியொன்றை எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பணமோ நாணயமோ வேண்டா. சூயியின் நிரற்கருவியைச் சாதாரண மடிக்கணினியில் நிறுவி, வலையமைப்பைத் தொடாமலே சோதிக்கலாம். முதற்பயிற்சியாக 8 இருமம் கொண்ட இரு மாறிகளில் 200, 100 என்பவற்றை இட்டு அவற்றைக் கூட்டிப்பார்க்க. அவ்வகை எண்ணின் உச்சம் 255 ஆதலின் நிரல் நின்று பிழையைக் காட்டும். அடுத்து அந்த 200ஐ ஓரிருமம் இடப்புறம் நகர்த்துக. விடை 400 ஆதல்வேண்டும். திரையில் வருவது 144. நிரலோ எதுவும் நேராததுபோல் அடுத்த வரிக்குச் செல்லும்.